பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகளும் துப்பாக்கிப் பயிற்சியும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பட்டாளம் என்பது தொலைவில் உள்ள செய்தியன்று. நகரியிலும் புத்தூரிலும் தறி ஓட்டும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை, சித்தூரில் கடை வைத்திருப்பவர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை என்று ஆண்டுதோறும் சிலராவது ஆள்சேர்ப்பு முகாமுக்குப் புறப்படுகின்றனர். இவ்வட்டாரத்து மண்ணும் இராணுவத்துக்குத் தன் பங்கைக் குறைவின்றிக் கொடுத்தே வந்திருக்கிறது. 2020 நவம்பரில் காஷ்மீரத்து மச்சில் பகுதியில் உயிர்நீத்த ஹவில்தார் பிரவீண்குமார் ரெட்டி, சித்தூர் மாவட்டத்து ஐராலா மண்டலத்தைச் சேர்ந்தவர். அவர் இருந்தது மதராஸ் ரெஜிமெண்டின் 18-ஆம் பட்டாலியன். 2021 டிசம்பர் 8-ஆம் நாள் குன்னூரருகே ஜெனரல் பிபின் ராவத்துடன் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்ட லான்ஸ் நாயக் சாய் தேஜாவின் ஊரும் அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

போர்முனையில் நேரும் மரணத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், மாலையிடுகிறோம். ஆனால் போர்முனையைக் காணுமுன்பே, பயிற்சி முகாமிலேயே ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேருமாயின் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. பெற்றோருக்கோ என்ன கேட்பது, யாரைக் கேட்பது என்பதே விளங்குவதில்லை. ஆகவே இவ்விதழில் அப்பொருளை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும் நோக்கம் நமக்கில்லை. அறிந்து அனுப்புவதற்கும் அறியாமல் அனுப்புவதற்கும் வேற்றுமை உண்டு என்பதே நம் கருத்து.

2022 ஜூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாதைத் திட்டத்தின்படி, பதினேழரை வயது நிரம்பியவுடனே ஒரு பிள்ளை சேரலாம். சேவை நான்கு ஆண்டுகள். அவற்றுள் முதல் சில மாதங்கள் பயிற்சி முகாமில் கழியும். சித்தூர், திருப்பதி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆள்சேர்ப்பு அலுவலகம் குண்டூரில் இருக்கிறது. தேர்வானபின் யார் எங்கே போவர் என்பதைப் படைப்பிரிவு நிர்ணயிக்கும். காலாட்படையாயின் நீலகிரியில் வெல்லிங்டன். பீரங்கிப் படையாயின் ஹைதராபாத் அல்லது நாசிக். சாப்பர்ஸ் என்னும் பொறியியற் பிரிவாயின் பெங்களூர். பெங்களூர்ச் சாப்பர்களைப் பட்டாளத்தில் எல்லாரும் ‘தம்பி’ என்றே அழைப்பர். பஞ்சாபியும் இந்தி பேசுவோரும்கூட அச்சொல்லைத்தான் வழங்குகின்றனர் என்பதை எண்ணும்போது நமக்குச் சிறிது பெருமிதம் உண்டாகிறது. பெண் மக்களுக்கும் வாயில் திறந்தாயிற்று. இராணுவப் போலீஸ் பிரிவில் பயின்ற 83 பெண்கள் அடங்கிய முதல் அணி 2021 மே மாதத்தில் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளிவந்தது.

இராணுவம் மட்டுமன்று. திருப்பதியை அடுத்த கல்யாணி அணையருகே போலீஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படையும் இருக்கிறது. இவ்விடங்களிலெல்லாம் நம் பிள்ளை முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறான்.

அந்த முதல் நாளில் அவனுக்குக் கற்பிக்கப்படுவது யாது? சுடுவதன்று. சுடாமல் இருப்பது. துப்பாக்கியை வாங்கும்போதும், திருப்பித் தரும்போதும், கைமாற்றும்போதும், தோட்டாக் கூட்டைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ள வேண்டும். சற்றுமுன் வேறொருவன் பார்த்துவிட்டான் என்பது கணக்கில்லை. எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருப்பதாகவே கொள்ள வேண்டும். அதன் வாய் எவர் பக்கமும் திரும்பலாகாது. இலக்கைக் குறிபார்க்கும் வரை விரல் விசையின்மேல் படலாகாது. இவற்றைப் பல நாள் வெறுந்துப்பாக்கியுடன் பயின்றபிறகே சுடுதளத்துக்கு அழைத்துச் செல்வர்.

சுடுதளத்தில் சிவப்புக் கொடி பறக்கும். எல்லைகளில் காவல் நிற்கும். இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இருக்கும். மருத்துவ உதவியாளும் வண்டியும் இருத்தல் வேண்டும். சுட்டு முடிந்தபின் காலித் தோட்டாக்களை எண்ணிப் பொறுக்கி, தம்மிடம் தோட்டா ஒன்றும் இல்லையென்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தளத்தை நீங்க வேண்டும். இச்சடங்கெல்லாம் வீண் ஆர்ப்பாட்டம் என்று இளைஞர்க்குத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு விதியின் பின்னாலும் எங்கோ ஒரு காலத்தில் சிந்திய இரத்தம் இருக்கிறது.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டாளத்துக் கட்டளைகள் இந்தியில் அமைந்தவை. ‘பர்’ என்றால் தோட்டா நிரப்பு. ‘காலி கர்’ என்றால் வெறுமையாக்கு. ‘ஜாஞ்ச் சஸ்த்ர’ என்றால் சோதனைக்குத் துப்பாக்கியைக் காட்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த நம் பிள்ளைக்கு முதல் சில வாரம் இவை வெறும் ஓசையே. அணிவகுப்பில் கட்டளை புரியாவிட்டால் கால் மாறி விழும், அவ்வளவுதான், சிரித்துவிட்டுப் போகலாம். சுடுதளத்தில் புரியாவிட்டால் அதன் விளைவு வேறு. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து அவன் செய்வதைச் செய்வது சுடுதளத்தில் மிக அபாயமான பழக்கம். புரியவில்லையென்றால் கையை உயர்த்தி, ‘உஸ்தாத், புரியவில்லை’ என்று சொல்லும் துணிவு பிள்ளைக்கு வேண்டும். பயிற்சியாசிரியரை அங்கே உஸ்தாத் என்றே அழைப்பர். ஆள்சேர்ப்புக்கான பொது நுழைவுத் தேர்வு 2025 முதல் தமிழிலும் தெலுங்கிலும் எழுதக் கிடைக்கிறது; நல்லதே. ஆயினும் தேர்வைத் தாண்டியபின் நேர்வது இந்திதான். புறப்படுமுன் மூன்று மாதம் செலவிட்டு ஐம்பது அறுபது கட்டளைச் சொற்களையாவது பழகிக்கொண்டு போவது, மார்க்குக்காக ஓடிப் பழகுவதைவிடக் குறைந்த பயனுடையது அன்று.

குண்டு பாயாமல் நின்றுவிடும் தருணத்தையும் சொல்லியாக வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையெனில், இளைஞர் மனம் உடனே துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கத் தூண்டும். அதுவே கேடு. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். வாயை இலக்கின் பக்கமே வைத்து, அசையாது காத்திருந்து, கையை உயர்த்த வேண்டும். வழக்கத்தைவிட மெலிந்த ஓசையுடன் வெடித்தால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடித்துப் போகும். குண்டில்லாத ஓசைத் தோட்டாவும் விளையாட்டுப் பொருளன்று. அருகில் வைத்துச் சுட்டால் அதுவும் உயிரைக் குடிக்கும். மாணவர் படையில் வழங்கும் பாயிண்ட் 22 துப்பாக்கியைப் பல பெற்றோர் குருவி சுடும் துப்பாக்கி என்று எண்ணுகின்றனர். அதன் குண்டு ஒரு மைல் தூரம் போக வல்லது.

தூரம் என்றவுடன் நம் நெஞ்சை விட்டு அகலாத சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பர் 30-ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையருகே உள்ள சுடுதளத்தில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா பாட்டியின் வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3-இல் அவன் இறந்தான். சுடுதளம் மூடப்பட்டது, நிவாரணத் தொகையும் கொடுக்கப்பட்டது. அவ்வூரார் அதற்கு முன்பே அஞ்சியிருக்கமாட்டார்களா என்ன! சுடுதளத்துப் பாதுகாப்பென்பது உள்ளே இருப்பவனுக்கு மட்டும் உரியதன்று. வேலிக்கு வெளியே ஆடு மேய்ப்பவனுக்கும் சோறுண்ணும் குழந்தைக்கும் உரியது. சுடுதளத்தருகே வாழும் அன்பர்கள், பித்தளைக்கு ஆசைப்பட்டுக் காலித் தோட்டாவும் வெடிக்காத குண்டும் பொறுக்கப் பிள்ளைகளை ஒருபோதும் விடலாகாது.

உள்ளே நேர்ந்த துயரத்துக்கும் நம் நாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. 2024 அக்டோபர் 10-இல், நாசிக் அருகே தேவலாலியிலுள்ள பீரங்கிப் பள்ளியின் சுடுதளத்தில் பீரங்கிக் குண்டொன்று வெடித்து அக்னிவீரர் இருவர் மாண்டனர். இருவரும் இருபதைச் சுற்றிய வயதினர். ஹைதராபாத்திலிருந்து பயிற்சிக்காக அங்கே சென்றவர்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகளும் போகும் அதே பாதை என்பதனால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

பிற நாடுகளில் இத்தகைய மரணங்கள் சட்டங்களையே மாற்றியிருக்கின்றன. அமெரிக்கக் கடற்படைக் காலாளின் பாரிஸ் தீவு முகாமில், 1956 ஏப்ரல் 8-ஆம் நாள் இரவு, பயிற்சியாசிரியர் ஒருவர் ஒழுங்கு கற்பிப்பதாகக் கூறி எழுபதுக்கு மேற்பட்ட புதியவர்களை ஓத ஓடையொன்றில் இறக்கினார். அறுவர் மூழ்கி இறந்தனர். அவர் அன்று மது அருந்தியிருந்தார் என்பது விசாரணையில் வெளியாயிற்று. அதன்பின் புதியவர்களைத் தண்டிக்கும் முறையும், பயிற்சியாசிரியரைக் கண்காணிக்கும் முறையும் திருத்தப்பட்டன. பிரிட்டனில் டீப்கட் என்னும் முகாமில் 1995 முதல் 2002 வரை இளம் பயிற்சியாளர் நால்வர் துப்பாக்கிக் குண்டால் மாண்டனர். பெற்றோர் விடாது வினவியதன் பயனாக 2006-இல் விரிவான ஆய்வறிக்கை வந்தது; படைவீரர் குறைகேட்கத் தனி ஆணையரும் பின்னர் நியமிக்கப்பட்டார். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகளும் கட்டாய தேசிய சேவை புரிகின்றனர். அங்கே 2012-இல் ஒரு பயிற்சியில் இரண்டுக்கு மேல் எறியக்கூடாத புகைக்குண்டுகளை ஆறு எறிந்ததில் மூச்சடைத்து ஓர் இளைஞர் இறந்தார். 2018-இல் வெப்பத்தாக்கால் ஒருவர். 2019-இல் நியூஸிலாந்துப் பயிற்சியில் பீரங்கி வண்டிக்குள் நசுங்கி ஒருவர். அவ்வாண்டே பயிற்சிப் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் என்று தனி அமைப்பை அவ்வரசாங்கம் ஏற்படுத்திற்று.

வெகு தூரம் போவானேன்? நமக்கு இருபத்தைந்து மைலுக்குள் இருக்கும் வேலூர்க் கோட்டை சொல்லாத பாடமா! 1805-இன் இறுதியில் கும்பெனியார் சிப்பாய்களின் தலைப்பாகையையும் தாடியையும் நெற்றிக்குறியையும் பற்றிப் புதிய விதிகள் செய்தனர். 1806 மே மாதத்தில் தம் வருத்தத்தைச் சொன்ன சிப்பாய்களில் இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதித்தனர். ஜூலை 10-ஆம் நாள் விடியலில் கோட்டை இரத்தக் களமாயிற்று. பின்னர்க் கவர்னர் பெண்டிங்க்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். முறையீட்டைக் கேட்கும் செவி மூடியிருந்ததே அங்கு வினையாயிற்று.

இன்று அச்செவி சட்டத்தில் திறந்தே இருக்கிறது. அதனை அறிந்தவரே குறைவு. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, தனக்கு அநீதி நேர்ந்ததென்று கருதும் எந்தச் சிப்பாயும் மேலதிகாரியிடம் முறையிட உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு, கீழுள்ளவரை அடிப்பதையும் கொடுமைப்படுத்துவதையும் குற்றமாக்கி, ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆகவே, ‘பட்டாளம் என்றால் அடி விழத்தான் செய்யும், பொறுத்துக்கொள்’ என்று பெரியவர் சிலர் கூறுவது வழக்காக இருக்கலாம், சட்டமன்று. கடுமையான கவாத்து வேறு, அடி வேறு. முகாமில் ‘சைனிக் சம்மேளன்’ என்று தளபதி எல்லாரையும் கூட்டிப் பேசும் கூட்டம் உண்டு. அங்கும் குறையைச் சொல்லலாம். இவற்றால் தீராதவற்றுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையில் அதன் கிளை உண்டு.

உடல்நலத்தைப் பற்றிச் சில சொற்கள். துப்பாக்கி ஓசை காதில் ஒருமுறை செய்த ஊறு திரும்ப ஆறுவதில்லை. சுட்டபின் காதில் ரீங்காரம் கேட்டால், அது நரம்பு அடிபட்டதன் அறிகுறி. காதடைப்பான் கொடுத்தால் வெட்கமின்றி அணிய வேண்டும். கொடுக்கவில்லையாயின் கேட்க வேண்டும். கையில் படியும் ஈயத்தூள் வயிற்றுக்குப் போகாதபடி, லங்கரில் உணவுக்கு அமருமுன் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

துப்பாக்கியைவிட அஞ்சத்தக்கது வெயில் என்றால் வியப்பாக இருக்கும். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள் மூட்டையைச் சுமந்து ஓடவிட்டால், பிள்ளை மயங்கி விழலாம், உளறலாம். அப்போது முதலில் செய்ய வேண்டுவது தண்ணீரை ஊற்றிக் குளிரச் செய்தல். வண்டியில் ஏற்றுவது இரண்டாவது. ஓட்டத்தின் பின் சிறுநீர் கறுத்துப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கீழ்க்கால் எலும்பில் ஓரிடத்தில் விடாத வலி இருந்தால் அது சுளுக்காக இராது. நுண்ணிய முறிவாக இருக்கலாம். அணியிலிருந்து பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சி மறைக்கும் பிள்ளைகளே நிரந்தர ஊனத்துக்கு ஆளாகின்றனர். சேரும்போதே இழுப்பு, வலிப்பு முதலிய பழைய நோயை மறைத்துச் சேர்ப்பது பெற்றோர் தம் கையாலேயே செய்யும் தீங்கு.

மனத்தின் நோவை என்னென்பது! பதினெட்டு வயது, தாய்மொழி கேட்காத கூடம், பகலெல்லாம் அதட்டல், கையில் ஆயுதம். இவ்வளவும் ஒன்றுகூடும் இடத்தில் ஒரு பிள்ளை மனமுடைந்தால் அதைக் கண்டுகொள்ள முதலில் வல்லவள் தாயே. தொலைபேசியில் குரல் மெலிகிறதா, ‘எல்லாம் நன்றாயிருக்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கிறானா, உறக்கமில்லை என்கிறானா என்று கேட்டறிய வேண்டும். சில வீடுகளில் வேறு மாதிரி பேசக் கேட்டிருக்கிறோம்: ‘திரும்பி வந்துவிடாதே, தெருவில் தலைகாட்ட முடியாது, அகாடமிக்குக் கட்டிய கடன் இருக்கிறது.’ அச்சொல் பிள்ளையின் ஒரே வாயிலையும் அடைத்துவிடுகிறது. விருப்பம்போல் இடையில் விலகுவது இத்திட்டத்தில் பொதுவாக இயலாது. தக்க காரணம் இருப்பின் அதிகாரி அனுமதிக்கலாம் என்பதே விதி. ஆயினும் உயிருக்கு மேலான காரணம் எது? தற்கொலை எண்ணம் தோன்றியதாகப் பிள்ளை குறிப்பாகச் சொன்னாலும், அன்றே முகாமின் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, ஆயுதத்திலிருந்து அவனை விலக்கி மருத்துவரிடம் காட்டும்படி கேட்க வேண்டும். இதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

இனிப் பணத்தைப் பற்றி. 2022-இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 பிடித்து வைத்து 21,000 கைக்கு வரும். 48 லட்ச ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. சேவையின் காரணமாக மரணம் நேர்ந்தால் மேலும் 44 லட்சம் கருணைத்தொகையும், எஞ்சிய காலத்துச் சம்பளமும். ஊனமாயின் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம். ஓய்வூதியம் இல்லை. இதில் நிரந்தரச் சிப்பாய்க்கும் அக்னிவீரனுக்கும் உள்ள வேற்றுமை சரியன்று என்பதே நம் அபிப்பிராயம். அதே சுடுதளம், அதே குண்டு. தாயின் கண்ணீரில் மட்டும் இரு தரமா? பயிற்சியில் ஊனமுற்று வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதன்பின் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் விரிவாக்கப்பட்டது. பல்லாண்டு யாரும் கேளாதிருந்த குரல் அது.

மேற்சொன்ன தொகைகள் யாவும் ஒரு தாளைப் பொறுத்தவை. பயிற்சியில் காயம் பட்டால் ‘ஐ.ஏ.எஃப்.ஒய். 2006’ என்னும் காய அறிக்கையை எழுதுவிக்க வேண்டும். பெருங்காயமாயின் விசாரணைக் குழுவும் அமைப்பர். காயம் கடமையால் நேர்ந்ததா அன்றா என்பதைப் பின்னாளில் தீர்மானிப்பது அவ்வேடே. சிறு காயந்தானே என்று விட்டுவிட்டால், பத்தாண்டுக்குப்பின் முழங்கால் மடங்காதபோது காட்டுவதற்கு ஒன்றுமிராது. அதன் நகலையும் மருத்துவச் சீட்டுகளையும் பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைப்பது நலம்.

நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்று இன்னும் இருக்கிறது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன் இடுகிறோம். ஆந்திரத்தார் வீட்டுப்பெயரை இடுகின்றனர். இங்கே பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் தம் வழக்கப்படி ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், தமிழ்நாட்டில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு விடுகிறது. தாயின் பெயரோ குடும்ப அட்டையில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று. ஆள்சேர்ப்பின்போது இதனால் பிள்ளை திருப்பி அனுப்பப்படலாம். அதைவிடக் கொடிது, வாரிசாகக் குறித்த பெயர் பொருந்தாமல் துயர காலத்தில் பெற்றோர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்வது. பிள்ளை முகாமுக்குப் புறப்படுமுன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஏனைய தாள்களைத் திருத்திக்கொள்ளுங்கள். சித்தூரிலுள்ள மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தில் முன்னாள் வீரர்களைச் சந்திக்கலாம். எந்தத் தாள் எங்கே வேண்டுமென்பது அவர்களுக்கு அனுபவத்தால் தெரியும். முகாமின் முகவரி, பிள்ளையின் படை எண், அவன் கம்பெனியின் பெயர், அதிகாரியின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்காமல், வீட்டில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.